வரம்பும் விளையாட்டும்

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்கத்தில் விருந்து முடிந்து பாய்கள் சுருட்டப்பட்ட பின்னர், பெரியோர் சிலர் தாழ்வாரத்தில் அமர்ந்து படிப்பகத்தைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்தனர். யாமும் உடனிருந்தோம். படிப்பகத்தின் மூலையில் துணி மூடிக் கிடக்கும் பழைய கணினியை இனி எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். "இருந்தால் பிள்ளைகள் அதிலும் வீடியோ கேம் ஆடித்தான் கெடுவார்கள்" என்று மற்றொருவர் அதனை ஆமோதித்தார். பந்தி விசாரித்துக் களைத்திருந்த நம் காலனிப் பையன் ஒருவன், பதினொன்றாம் வகுப்பில் பயில்பவன், எம் அருகில் வந்து நின்று, "மாமா, எனக்கு விளையாட்டு ஆடுவதைவிட அதை உண்டாக்கத்தான் ஆசை. ஆனால் அந்தப் பெட்டி ரொம்பப் பழசு. அதில் என்ன செய்ய முடியும்?" என்று மெல்லக் கேட்டான்.

பெரியவரும் பையனும் வேறு வேறு காரணம் கூறினும், அப்பெட்டி பயனற்றது என்னும் முடிவில் இருவரும் ஒன்றுபட்டனர். அம்முடிவு சரிதானா என்னும் ஐயம் எம்மைவிட்டு நீங்கவில்லை. யாம் பள்ளியிறுதி வகுப்புக்கு மேல் கல்லாதவர். சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. எனினும் ஓராண்டுக் காலம், இரவுப் பணியின் ஓய்வு வேளைகளில், வீடியோ விளையாட்டுகளின் சரித்திரத்தை இயன்றவரை படித்தறிந்தோம். அதில் கண்டதை இம்மலரின் வாயிலாக நம் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வரம்பு என்பது நம் மொழியில் வயலின் வரப்பையும் குறிக்கும் சொல். வரப்பு நிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகிறது என்பது மெய்யே. ஆயினும் அதுதான் நீரைத் தேக்கிப் பயிரை விளைவிக்கிறது. வீடியோ விளையாட்டின் முதல் முப்பதாண்டுச் சரித்திரம் பெரும்பாலும் இவ்வரப்பின் சரித்திரமேயாகும்.

எட்டாத மட்டை

இவ்விளையாட்டுகளுள் மிகப் பழையனவற்றில் ஒன்று 1962-இல் அமெரிக்காவிலுள்ள மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பாரும் அவர்தம் தோழர்களும் ஆக்கிய "விண்வெளிப் போர்" என்பது. அதனை ஆடுதற்குரிய கணினியின் விலை அக்காலத்தில் ஏறத்தாழ 1,20,000 டாலர். அத்தகைய யந்திரம் கல்விக் கழகங்களிலும் ஆராய்ச்சிக் கூடங்களிலும் இருக்குமேயன்றிக் கடைத்தெருவுக்கு வருமோ? வராது. ஆகவே அவ்விளையாட்டின் புகழும் அக்கூடங்களைத் தாண்டி அதிகம் பரவவில்லை.

1972-இல் அடாரி என்னும் நிறுவனம் "பாங்" என்ற விளையாட்டை வெளியிட்டது. அதனைச் செய்தவர் ஆலன் ஆல்கார்ன் என்னும் இளம் பொறியாளர். மலிவாக இருத்தல் வேண்டும் என்பதற்காக அதில் கணினியே வைக்கப்படவில்லை. நிரல் என்பதும் இல்லை. சாதாரண மின்சுற்றுகளைக் கொண்டே இரண்டு மட்டைகளும் ஒரு பந்தும் திரையில் தோன்றுமாறு அமைத்தார். அச்சுற்றில் ஒரு குறை இருந்தது: மட்டைகள் திரையின் மேல் விளிம்புவரை எட்டவில்லை, சிறிது இடைவெளி நின்றது. ஆல்கார்ன் அதனைத் திருத்தியிருக்கலாம், திருத்தவில்லை. மட்டை எல்லா இடத்தையும் எட்டுமாயின், கை தேர்ந்த இருவர் ஆடினால் ஆட்டம் ஒருபோதும் முடியாதன்றோ? அவ்விடைவெளி இருந்ததால்தான் எத்துணைத் திறமைசாலியும் ஒருநாள் தோற்க நேர்ந்தது. வெகுஜனங்களிடையே முதன்முதலாகப் பெருவெற்றி கண்ட வீடியோ விளையாட்டு, தன் சுற்றிலிருந்த ஒரு குறையையே விதியாக ஏற்றுக்கொண்டது என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஒலியிலும் அவ்வாறே. கூட்டம் ஆரவாரிக்கும் ஓசை வேண்டுமென்று முதலாளி விரும்பினார். அதற்கு வேண்டிய உறுப்புகளுக்கு இடமுமில்லை, செலவுமில்லை. சுற்றில் முன்னரே ஓடிக்கொண்டிருந்த அதிர்வுகளுள் பொருத்தமானதைத் தேடியெடுத்து, பந்து படும்போது "டொக்" என்னும் ஓசையாக ஒலிக்கச் செய்தார் ஆல்கார்ன். அவ்வோசையே அவ்விளையாட்டின் அடையாளமாயிற்று.

குறையக் குறைய விரையும் படை

அடுத்து ஜப்பானுக்குச் செல்வோம். 1978-இல் டைட்டோ நிறுவனத்தில் டோமோஹிரோ நிஷிகாடோ என்பவர் "விண்வெளிப் படையெடுப்பாளர்" என்று பொருள்படும் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டை ஆக்கினார். முதலில் அவர் ஆகாய விமானங்களைப் பகையாக வைக்க எண்ணினார். அவருடைய யந்திரத்தில் விமானங்கள் சீராக நகரவில்லை. மனிதச் சிப்பாய்களைச் சுடுவது தகாது என்று தோன்றியது. ஆகவே வேற்றுலக ஜந்துக்களைப் படைத்தார். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசைகளில் 55 ஜந்துக்கள் பக்கவாட்டில் நகர்ந்தவாறு மேலிருந்து இறங்கி வரும். ஆடுபவர் கீழிருந்து சுட வேண்டும்.

அக்காலத்துச் செயலிக்கு 55 உருவங்களையும் ஒரே கணத்தில் நகர்த்தும் ஆற்றல் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாகவே நகர்த்தியது. ஆதலால் முழுப்படையும் ஓரடி எடுத்துவைக்க நேரமாயிற்று. ஆடுபவர் சுடச் சுட எண்ணிக்கை குறையும். குறையவே செயலிக்கு வேலை குறையும். எஞ்சியவை விரைவாக நகரும். இறுதியில் நிற்கும் ஒற்றை ஜந்து புயலெனப் பாயும்!

இதனை நிஷிகாடோ முன்னரே திட்டமிடவில்லை. கண்டபின், வேகத்தைச் சமப்படுத்தாமல் அப்படியே விட்டுவிட்டார். பின்னணியில் ஒலிக்கும் நான்கு சுர ஓசையும் படையோடு சேர்ந்து விரைந்து, ஆடுபவர் நெஞ்சைப் படபடக்கச் செய்தது. வெல்ல வெல்ல ஆட்டம் கடினமாகும் என்னும் இவ்வமைப்பு, பின்னர் வந்த எண்ணற்ற விளையாட்டுகளுக்கு இலக்கணமாயிற்று. திரையோ கறுப்பு வெள்ளை. நிறம் வேண்டி அதன்மேல் வண்ண செலோபன் தாளை ஒட்டினர். கடைத்தெருவில் அதனை ஆடிய ஜனங்கள் வண்ணத்தையே கண்டனர். தாளை எவரும் கண்டிலர்.

ஓடும் வண்டிக்கு முன் தண்டவாளம்

இனி நாம் கூறப்போவது எம் போன்ற ரயில்வேக்காரர் மனத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதி. 1977-இல் அடாரி நிறுவனம், வீட்டுத் தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடத்தக்க ஒரு பெட்டியை வெளியிட்டது. பின்னர் அது அடாரி 2600 எனப் பெயர் பெற்றது. நம் காலனிப் பிள்ளைகள் 1990-களில் "கேசட்" என்று அழைத்தார்களே, அதுபோன்ற செருகு பெட்டிகளை மாற்றி மாற்றி வெவ்வேறு விளையாட்டுகளை ஆடலாம்.

அப்பெட்டியின் தற்காலிக நினைவகம் வெறும் 128 பைட். இதன் சிறுமையை உணர ஓர் உவமை கூறுவோம். திருக்குறளின் முதற் குறளை இன்றைய கைப்பேசிகள் வழங்கும் யூனிகோடு முறையில் எழுதி வைத்தால் ஏறத்தாழ 120 பைட் ஆகும். ஆக, ஒரு குறளை எழுதினால் அவ்விடம் நிரம்பிற்று, உரையெழுத இடமில்லை. அத்துணைச் சிறிய இடத்தில் ஆடுபவரின் நிலை, பகைவரின் நிலை, மதிப்பெண், மீதமுள்ள உயிர்கள் ஆகிய அனைத்தையும் கணினி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அங்ஙனமாயின் திரையில் காணும் சித்திரத்தை எங்கே வைப்பது? வைக்க இடமில்லை என்பதே விடை. அக்காலத்துத் தொலைக்காட்சியில் ஒரு மின்கற்றை, இடமிருந்து வலமாகக் கோடு கோடாக, மேலிருந்து கீழாக, அமெரிக்க முறைப்படி வினாடிக்கு 60 தடவை திரை முழுவதையும் வரைந்து செல்லும். முழுச் சித்திரத்தையும் சேமிக்க இயலாமையால், மின்கற்றை ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கோட்டில் என்ன வரைய வேண்டும் என்பதை நிரல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் செயலியின் 76 துடிப்புகள் மட்டுமே. ஓடுகின்ற வண்டிக்கு முன்னால் தண்டவாளம் போட்டுக்கொண்டே செல்வதற்கு ஒப்பானது இவ்வேலை. ஒரு கணம் பிந்தினால் சித்திரம் தடம் புரளும். விளையாட்டின் மற்றைய கணக்குகளையெல்லாம், பெரும்பாலும், கற்றை கீழிருந்து மீண்டும் மேலே செல்லும் சிறு இடைவேளையில் முடித்துக்கொள்ள வேண்டும்.

மேலும் அப்பெட்டி, பாங் முதலிய பழைய ஆட்டங்களை மனத்திற் கொண்டே வடிவமைக்கப்பட்டது. ஆகவே அதன் சுற்றுக்குத் தெரிந்த அசையும் பொருள்கள் ஐந்தே: இரண்டு ஆட்டக்காரர், இரண்டு குண்டு, ஒரு பந்து. பின்னணியிலும் இடப்பாதிக்கு மட்டுமே குறிப்பு உண்டு. வலப்பாதி அதன் மறுபதிப்பாகவோ கண்ணாடி பிம்பமாகவோ தானே அமையும்.

இவ்வைந்து பொருள்களைக் கொண்டு அக்காலத்து இளைஞர்கள் செய்த விந்தைகள் பல. வாரன் ராபினெட் என்பவர் 1980-இல் வெளியான "அட்வென்ச்சர்" என்னும் விளையாட்டில், கோட்டைகளும் புதிர்ப் பாதைகளும் நாகங்களும் நிறைந்த ஓர் உலகத்தையே படைத்தார். அதில் வீர நாயகன் யார் எனின், ஒரு சிறு சதுரம். சுற்றிலுள்ள "பந்து"தான் அவன்! நாயகனைப் பந்தாக்கிவிட்டதால் ஆட்டக்காரருக்குரிய இரண்டு உருவங்களும் நாகத்துக்கும் வாளுக்கும் கிடைத்தன. கோட்டைகள் இருபுறமும் ஒத்திருப்பதும் அழகுக்காக மட்டுமன்று. பாதிச் சித்திரத்துக்கே இடமிருந்ததால். ஆக்கியோன் பெயரை வெளியிடும் வழக்கம் அந்நிறுவனத்தில் அப்போது இல்லை. ஆகவே ராபினெட் ஓர் இரகசிய அறையில் தம் பெயரை ஒளித்து வைத்தார் என்பது சுவையான செய்தி.

டேவிட் கிரேன் என்பவர் 1982-இல் ஆக்கிய "பிட்ஃபால்" என்னும் விளையாட்டில் நாயகன் ஒரு கானகத்தின் ஊடே ஓடுகிறான். அக்கானகத்தில் 255 காட்சிகள் உண்டு. அத்தனையையும் தனித்தனியே எழுதி வைக்க அந்தக் கேசட்டின் 4 கிலோபைட்டில் இடம் ஏது? கிரேன் ஒரு காட்சியையும் எழுதி வைக்கவில்லை. ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணைப் பெறும் விதி ஒன்றை மட்டும் எழுதினார். அவ்வெண்ணைப் பார்த்து, இங்கே குழி, இங்கே முதலை, இங்கே மரம் என்று யந்திரமே அமைத்துக்கொள்ளும். விதியைப் பின்னோக்கியும் செலுத்தலாம் ஆதலின், நாயகன் திரும்பி ஓடினால் முன்பு கண்ட காட்சியே மீண்டும் வரும். இதே நெறியில் 1984-இல் இங்கிலாந்தில் டேவிட் பிராபென், இயன் பெல் என்னும் மாணவர் இருவர், 32 கிலோபைட் நினைவகமுள்ள கணினியில் "எலைட்" என்னும் விளையாட்டை ஆக்கினர். மண்டலத்துக்கு 256 வீதம் 8 விண்மீன் மண்டலங்களை அதில் அடைத்துவிட்டனர். பொருளைச் சேமிக்க இடமில்லாதவன் பொருளை விளைவிக்கும் விதையைச் சேமித்தான் என்க.

வரம்பை மதியாமையால் வந்த கேடு

இதுகாறும் கூறியதைக் கேட்டு, வரம்பு இருந்தாலே நல்ல கலை பிறந்துவிடும் என்று எவரும் எண்ணிவிடலாகாது. அதே அடாரி பெட்டிக்கு, கடைத்தெருவில் பெரும்புகழ் பெற்றிருந்த "பாக்-மேன்" விளையாட்டை 1982-இல் கொண்டுவந்தனர். மூல விளையாட்டில் நான்கு பூதங்கள் ஒரே நேரத்தில் நாயகனைத் துரத்தும். பெட்டியிலோ ஆட்டக்காரர் உருவம் இரண்டே. ஆகவே பூதங்களை மாற்றி மாற்றி ஒவ்வொரு கணத்துக்கு ஒன்றாகக் காட்டினர். அவை விட்டு விட்டு மின்னின. மூலத்தின் வண்ணமும் வடிவமும் மாறின. வாங்கிய ஜனங்கள் ஏமாற்றமடைந்தனர்.

குறை யந்திரத்தினது மட்டுந்தானா? அன்று. அடுத்த ஆண்டே, அதே பெட்டிக்கு, "மிஸ் பாக்-மேன்" வந்தது. கேசட்டின் அளவு 8 கிலோபைட்டாக உயர்ந்திருந்தது. ஒரே உருவத்தைத் திரையின் மேற்பகுதியில் ஒருமுறையும் கீழ்ப்பகுதியில் ஒருமுறையும் பயன்படுத்தும் உபாயத்தையும் கையாண்டனர். மின்னுதல் பெரிதும் குறைந்தது; ஜனங்கள் மகிழ்ந்தனர். வேறொரு யந்திரத்துக்கெனப் பிறந்ததைச் சிறு பெட்டிக்குள் திணிப்பது வேறு. பெட்டியின் இயல்பறிந்து அதற்கேற்ப ஆக்குவது வேறு என்பதை இவ்விரண்டும் விளக்கும்.

மீசையின் வரலாறு

நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்த மாரியோ என்னும் குழாய்த் தொழிலாளியின் திருவுருவமும் வரம்பால் அமைந்ததே. 1981-இல் நின்டெண்டோ நிறுவனத்தின் "டாங்கி காங்" விளையாட்டில் அவரை முதன்முதல் வரைந்தவர் ஷிகெரு மியாமோட்டோ. உருவத்துக்குக் கிடைத்த புள்ளிகளோ மிகச் சில. அவற்றில் வாயை வரைந்தால் தெரியாது. ஆகவே பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும் வைத்தார். தலைமயிர் ஓடும்போது அசைய வேண்டும், அதற்கு வழியில்லை, ஆகவே தொப்பி அணிவித்தார். கைவீச்சு உடலினின்று பிரிந்து தெரிய வேண்டும். ஆகவே தோள்பட்டை வைத்த தொழிலாளர் உடுப்பு. முகத்தில் இடமில்லாமையால் முளைத்த மீசை, உலகப் புகழ் பெற்ற மீசையாயிற்று!

1985-இல் வந்த "சூப்பர் மாரியோ பிரதர்ஸ்" முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே சித்திரமே; ஒன்றுக்கு வெள்ளை, மற்றொன்றுக்குப் பச்சை. கூம்பா என்னும் குட்டிப் பகைவனை இறுதியில் சேர்த்தபோது இடம் அநேகமாகத் தீர்ந்திருந்தது. ஒரே படத்தை வரைந்து, இடம் வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டி, அவன் நடப்பதாகத் தோன்றச் செய்தனர்.

அவ்விளையாட்டு ஓடிய நின்டெண்டோ பெட்டியில் ஒரே கிடைக்கோட்டில் அசையும் சித்திரத் துண்டுகள் எட்டுக்கு மேல் தோன்ற இயலாது. எட்டே பாதைகளுள்ள நிலையத்துக்கு ஒன்பதாவது வண்டி வந்தால், அது வெளிச் சிக்னலில் நிற்க வேண்டியதுதானே? எப்போதும் ஒரே வண்டியை நிறுத்தினால் அதன் பிரயாணிகள் கொதித்தெழுவர். ஆகவே நிரல் எழுதுவோர், ஒவ்வொரு கணமும் வேறு வேறு துண்டை நிறுத்தி வைத்தனர். 1990-களில் நம் காலனி வீடுகள் சிலவற்றில் இருந்த மலிவான நகல் பெட்டிகளில், கூட்டம் மிகும்போது உருவங்கள் மினுக்கியதை யாமும் கண்டுள்ளோம். பெட்டி பழுது என்று அதனைக் கையால் தட்டியதும் உண்டு. அது பழுதன்று, முறை வைத்து வண்டி விடுதல் என்பதை இப்போதுதான் அறிந்தோம்.

அடைப்புக்குறிகளால் ஆன ஆட்டம்

1984-இல் சோவியத் ரஷ்யாவின் தலைநகராகிய மாஸ்கோவில், விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ், "டெட்ரிஸ்" என்னும் விளையாட்டை ஆக்கினார். அவர் கையிலிருந்த எலெக்ட்ரோனிகா 60 என்னும் கணினி சித்திரம் வரையாது, எழுத்துகளையே காட்டும். ஆகவே அடைப்புக்குறிகளை அடுத்தடுத்து வைத்துச் சதுரங்களாக்கினார். ஐந்து சதுரங்கள் கொண்ட துண்டுகள் 12 வகை. அது மிகுதி எனக் கண்டு, நான்கு சதுரங்கள் கொண்ட 7 வகைகளோடு நிறுத்தினார். துண்டுகள் விழ விழத் திரை விரைவில் நிரம்பி ஆட்டம் முடிந்துவிட்டது. ஆகவே நிரம்பிய வரிசை மறையட்டும் என்று விதி செய்தார். அவ்வொரு விதியே அவ்விளையாட்டின் உயிர்.

சித்திரமே இல்லாத யந்திரத்தில் பிறந்ததால், எந்தச் சித்திரத்தையும் சாராது நின்றது டெட்ரிஸ். ஆகவேதான் எந்த நாட்டுக்கும் எந்தப் பெட்டிக்கும் அது பொருந்திற்று. ரயில் நிலையங்களிலும் திருவிழாக் கடைகளிலும் விற்ற கையடக்க "பிரிக் கேம்" பொம்மை நம் வீடுகளில் எத்தனை! நாகபுரிக் கோடையில், கூலரின் இரைச்சலுக்கு நடுவே, அதன் பொத்தான் ஓசை கேளாத நண்பகல் உண்டோ?

ரயிலில் பிறந்த யோசனை

ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பே யோகோய் என்றொரு பொறியாளர் இருந்தார். 1965-இல் அங்கே சேர்ந்தபோது அவருக்கு அளிக்கப்பட்ட வேலை, சீட்டு உற்பத்தி செய்யும் யந்திரங்களைப் பராமரிப்பது. ஒருநாள் அதிவேக ரயிலில் செல்கையில், பிரயாணி ஒருவர் பொழுது போகாமல் கணக்குப்பொறியின் பொத்தான்களை அழுத்திக் கொண்டிருப்பதைக் கண்டாராம். பிரயாணத்தில் பொழுது போக்கச் சிறு விளையாட்டுக் கருவி செய்தாலென்ன என்று தோன்றியது. கணக்குப்பொறிகளுக்காகப் பெருவாரியாக உற்பத்தியான திரவப் படிகத் திரைகள் அப்போது மலிந்திருந்தன. அவற்றைக் கொண்டு 1980-இல் கையடக்க விளையாட்டுக் கருவியை வெளியிட்டார். மடிக்கும் மெல்லிய கருவியில் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிக்கு இடமில்லாமையால், 1982-இல் சிலுவை வடிவான தட்டைப் பொத்தானை அமைத்தார். இன்று உலகெங்கும் விளையாட்டுக் கருவிகளில் இடது கட்டைவிரலின்கீழ் இருக்கும் பொத்தானின் மூலம் அதுவே.

புதுமை மிகுந்த, விலையுயர்ந்த தொழில்நுட்பத்தைத் துரத்தாதே. முதிர்ந்து மலிந்ததைப் புதிய கோணத்தில் பயன்படுத்து என்பது யோகோயின் கொள்கை. 1989-இல் அவர் குழுவினர் ஆக்கிய "கேம் பாய்" கருவிக்கு நிறமில்லை. பச்சை சாயலில் நான்கு தரச் சாயை மட்டுமே. அதே காலத்தில் போட்டி நிறுவனங்கள் ஒளிரும் வண்ணத் திரையுள்ள கருவிகளைக் கொணர்ந்தன. அவற்றுக்கு ஆறு பாட்டரி வேண்டும். சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய்க்கு நான்கு பாட்டரி போதும்; நீண்ட பிரயாணத்துக்கும் தாங்கும். விலையும் குறைவு. அதனுடன் பல நாடுகளில் சேர்த்து விற்கப்பட்ட விளையாட்டு, நிறமே வேண்டாத டெட்ரிஸ். கேம் பாயும் அதன் பின்வந்த வண்ணப் பதிப்புமாகச் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன.

1997-இல் நோக்கியா கைப்பேசியில் தனேலி அர்மாண்டோ என்பவர் அமைத்த "பாம்பு" விளையாட்டும் இவ்வினத்ததே. திரையில் இருந்தவை அகலத்தில் 84, உயரத்தில் 48 புள்ளிகள். அத்துணைச் சிறு களத்தில் பாம்பு தன் வாலையே கடித்து மாண்டுபோவது எளிதாயிற்று, அதுவே ஆட்டமாயிற்று. நம் தமிழகத்துத் திருப்பெரும்புதூரில் அந்நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006 முதல் 2014 வரை இயங்கியதை அன்பர்கள் அறிவர்.

வரம்பு வேறு, வறுமை வேறு

பிற்காலத்தில் யந்திரங்கள் பெருகின. முப்பரிமாணக் காட்சிகள் வந்தன. அப்போதும் வரம்பு முற்றும் ஒழியவில்லை. 1999-இல் வந்த "சைலன்ட் ஹில்" என்னும் திகில் விளையாட்டில், தொலைவிலுள்ள வீதிகளை வரைய அக்காலத்துப் பிளேஸ்டேஷன் பெட்டிக்கு ஆற்றல் போதவில்லை. ஊரையே மூடுபனியால் மூடினர். பனிக்குள் என்ன இருக்கிறதோ என்னும் அச்சமே அவ்விளையாட்டின் சிறப்பாயிற்று.

எனினும், இச்சரித்திரத்தை ஊன்றி நோக்குவோர் ஓர் உண்மையைக் காணாதிருக்க இயலாது. ஆல்கார்னுக்குப் பணிக்கூடம் இருந்தது. பஜித்னோவுக்கு விஞ்ஞானக் கழகத்தின் கணினி இருந்தது. ரஸ்ஸலுக்கு 1,20,000 டாலர் யந்திரம் இருந்தது. யோகோயின் கையருகே பொருள்களும் கருவிகளும் இருந்தன. அவர்கள் யாவரும் கைக்கெட்டிய கருவியின் குறையோடு போராடியவர். கருவியே கிட்டாதவர் அல்லர். ஏழு சீருக்குள் நிற்பதால் குறள் சிறந்தது உண்மை. அதற்காக, எழுத ஓலையும் எழுத்தாணியும் இல்லாதவன் இன்னும் சிறந்த கவியாவான் என்று எவரும் கூறுவரோ? வரம்பு வேறு, வறுமை வேறு. முன்னது வரப்பு, பின்னது நிலமே இன்மை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, "கஷ்டப்பட்டால்தான் பிள்ளைகள் முன்னேறுவார்கள்" என்று நாம் சில வேளைகளில் பேசிவிடுகின்றோம். அது பிழை என்று தாழ்மையுடன் கூறுவோம்.

இப்போது படிப்பகத்துக் கணினிக்கு வருவோம். சென்ற மாதம் செயலாளரின் அனுமதியுடன் துணியை விலக்கி, அப்பையனையும் அருகில் வைத்துக்கொண்டு, அதனை இயக்கிப் பார்த்தோம். மெதுவாக எழுந்தது, ஆனால் எழுந்தது. அதன் நினைவகம் 512 மெகாபைட் என்று பையன் படித்துக் கூறினான். அடாரி பெட்டியின் 128 பைட்டுக்கு அது எத்தனை மடங்கு என்று காகிதத்தில் கணக்கிட்டோம். நாற்பது லட்சம் மடங்குக்கு மேல் வந்தது. பையன் காகிதத்தை வாங்கி மறுபடியும் பெருக்கிப் பார்த்தான். விடை மாறவில்லை. பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டான்.

அக்கேள்வியையே சங்க அங்கத்தினர் அனைவர் முன்னும் வைக்கின்றோம். அக்கணினியை எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கலாம். அதற்கு மாறாக, வாரத்தில் மூன்று மாலைகள், ஆறு மணி முதல் எட்டு மணி வரை, படிப்பகத்தைத் திறந்து வைத்து, ஆக்க விரும்பும் பிள்ளைகளை அதன்முன் அமர்த்தலாம். ஆடிப் பொழுதைக் கெடுப்பார்கள் என்று அஞ்சும் பெரியோரின் கவலையை யாம் எள்ளவில்லை. ஆதலின் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். பகற்பணி வாரங்களில் அப்பொறுப்பை ஏற்க யாமே சித்தமாயிருக்கின்றோம். எதிர்வரும் பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரும்போது, அன்பர்கள் ஆதரித்து, அச்சாவியைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.